பார்க்கும் அனுமதி

அவருக்கு ரேஷன் அக்கா என்று பெயர் வைத்தது நான்தான். வயதில் என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இருந்தாலும் ரேஷன் தங்கச்சி என்று சொன்னால் எடுபடாது என்பதால் அக்காவாக்கினேன். பெயர் ஆபீஸ் முழுக்கப் பரவி ஒருநாள் அவர் காதுக்கும் போய்விட்டது. கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். "எடை சரியா இருந்தா அது நல்ல பேருதாண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

போடியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கேபிள் போட முடியாத மலைக்கு டிஷ் வைத்து இன்டர்நெட் கொடுப்பதுதான் தொழில். போடியிலிருந்து குரங்கணிக்கு ஒரு டவர், போடிமெட்டுக்கு ஒரு டவர், அங்கிருந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் பிரியும். ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறியதிலிருந்து, மலையில் இருக்கிறவர்களுக்குச் சோற்றுக்கு அடுத்தபடி நெட் வேண்டும் என்றாகிவிட்டது. டவர், டிஷ், வயர் எல்லாம் என் பொறுப்பு. சர்வர் அவர் பொறுப்பு.

அந்தப் பெயர் வரக் காரணம் நான் கேட்ட ஒரு பாஸ்வேர்டு. டவருக்குக் கீழே இருக்கும் பெட்டியில் ஒரு சின்ன லினக்ஸ் சர்வர் இருக்கும். இடி மின்னலில் அது மயங்கிவிட்டால் எழுப்ப வேண்டும், அதற்குத்தான். லினக்ஸில் ரூட் என்று ஒரு பயனர் உண்டு. அதற்கு எல்லாக் கதவும் திறக்கும், எதை அழித்தாலும் ஏன் என்று கேட்காது. நான் அந்த ரூட் பாஸ்வேர்டைக் கேட்டேன்.

"உங்க சோலிக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

"பெட்டியை எழுப்பணும். எழும்பிருச்சான்னு பாக்கணும்."

அன்று சாயங்காலத்துக்குள் எனக்கென்று ஒரு கணக்கு வந்துவிட்டது. அதில் பெட்டியை எழுப்பலாம், எழும்பிவிட்டதா என்று பார்க்கலாம். வேறு எதைத் தொட்டாலும் அனுமதி இல்லை என்று திட்டும். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே போய், "ஏந்தங்கச்சி, நான் என்ன களவாணியா?" என்று கேட்டேன்.

"நீங்க களவாணியா இருந்தாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி வச்சிருக்கேன். அப்பத்தானண்ணே நாளைக்கு எதும் காணாமப் போனா உங்க மேல யாரும் பழி போட முடியாது."

நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்தவருக்கு அளந்து கொடுத்துவிட்டுத் தனக்கு அள்ளிக்கொள்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் தனக்கும் அளந்துதான் வைத்திருந்தார். சாதாரணக் கணக்கில்தான் நாள் முழுக்க வேலை செய்வார். ரூட் இல்லாமல் முடியாது என்று ஒரு காரியம் வந்தால், கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, அறையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "ரூட்ல போறேன்" என்று சொல்லுவார். சொன்ன பிறகுதான் நுழைவார். காரியம் முடிந்ததும் "வந்துட்டேன்." மொட்டைமாடிக்கு வற்றல் எடுக்கப் போகிற மாதிரி இருக்கும். "பாத்துப் போயிட்டு வாங்க" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் சிரிப்பார், ஆனால் சொல்வதை நிறுத்தமாட்டார். யாருக்கும் தெரியாமல் பெரிய ஆளாக இருப்பது தப்பு என்பது அவர் எண்ணம் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ராசிங்காபுரத்துக்காரர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்துவிட்டவர். தினமும் பஸ்சில் வருவார். ஏலக்காய் வாசனை அவருக்கு ஆகாது. போடியில் இருந்துகொண்டு ஏலக்காய் ஆகாது என்றால் எங்கே போய்ச் சொல்வது? பக்கத்துக் குடோனில் மூட்டை பிரித்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அப்படியே டைப் அடித்துக்கொண்டிருப்பார். டீக்கடையில் "ஏலக்கா போடாம ஒண்ணு" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். டீக்கடைக்காரர் அதை ஒரு குடும்ப அவமானமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

யார் என்ன சேதி கொண்டுவந்தாலும் ரேஷன் அக்காவிடம் இரண்டு கேள்வி உண்டு. யார் சொன்னார்? அவருக்கு எது வரைக்கும் தெரியும்? அடைமழை பிடித்திருந்த ஒரு காலை, எங்கள் வசூல்காரர் மாடிப்படி ஏறும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து ரோடே போய்விட்டதாம். முதலாளி உடனே அன்றைய மலை வேலையை எல்லாம் நிறுத்தச் சொன்னார்.

"யாரு பாத்தா?" என்று கேட்டார் ரேஷன் அக்கா.

"முந்தல்ல ஒருத்தர் சொன்னாரு. காலைல இருந்து மேல இருந்து ஒரு ஜீப்பு எறங்கலையாம்."

"முந்தல் அடிவாரத்துலதான இருக்கு. அங்க நின்னவரு ஜீப்பு வரலைன்னு பாத்திருக்காரு. ரோடு போச்சுன்னு பாக்கலை."

வசூல்காரர் முறைத்தார். நான் மெட்டுக்குப் போன் போட்டேன். ரோடு அப்படியே இருந்தது. கூலித் தகராறில் ஜீப்புக்காரர்கள் யாரும் வண்டி எடுக்கவில்லை, அவ்வளவுதான். வசூல்காரரால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. ரேஷன் அக்காவோ ஜெயித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்னொரு நாள், மலையில் பெரிய தோட்டம் உள்ள ஒருவர் வந்தார். காலேஜ் படிக்கிற மகள் போனில் என்னென்ன பார்க்கிறாள் என்று தெரிய வேண்டும் என்றார். எங்களுக்கு நிறைய இணைப்பு வாங்கிக் கொடுத்தவர், முதலாளியால் மறுக்க முடியாது. நேராக ரேஷன் அக்காவிடம் அனுப்பிவிட்டார்.

"அதைப் பாக்கற அனுமதி எனக்கு இல்லீங்களே" என்றார் அவர்.

"நீதானம்மா இங்க எல்லாத்துக்கும் அனுமதி குடுக்கறவ?"

"ஆமாங்க. எனக்கு நானே அதைக் குடுத்துக்கலை."

வந்தவர் கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். முதலாளி ஒரு வாரம் யாருடனும் சரியாகப் பேசவில்லை. எனக்கு மனசு கேட்காமல், உண்மையிலேயே பார்க்க முடியாதா என்று தனியாகக் கேட்டேன். "நெனச்சா முடியும்ணே. நெனைக்காம இருக்கத்தான் வழியை அடைச்சு வச்சிருக்கேன்" என்றார். எனக்கு அவர் மேல் ஒரு பயம் கலந்த மரியாதை வந்தது அன்றைக்குத்தான். எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சர்வர் அவர் கையில் இருக்கிறது என்பதில் ஒரு நிம்மதியும் வந்தது.

ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. ஒவ்வொரு டவருக்கும் இரண்டு கோடு ஓடும். போடியிலிருந்து அந்த டவருக்கு எவ்வளவு ஏறியது என்று ஒன்று, டவரிலிருந்து வீடுகளுக்கு எவ்வளவு பிரிந்தது என்று இன்னொன்று. வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது மாதிரிதான். இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கணக்கைச் சேகரித்துவர ஒவ்வொரு டவர் பெட்டியிலும் ஒரு தனிப் பயனரை அவர் உண்டாக்கி வைத்திருந்தார். அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வேறு. கணக்குப்பிள்ளை தனக்குக் காட்டிய ஏடுகளை, அதாவது கோப்புகளை, வாசிக்கலாம், வாசித்ததைப் போடிக்கு அனுப்பலாம். எதையும் திருத்த முடியாது. காட்டாத ஏட்டைத் திறக்கவும் முடியாது.

போடிமெட்டு டவருக்குக் காவல் சுருளியாண்டி. எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் எங்களிடம் வந்து சேர்ந்தார். பேட்டரி பார்ப்பார், ஜெனரேட்டர் போடுவார், காற்றில் டிஷ் திரும்பிவிட்டால் எனக்குச் சொல்லுவார். அவர் மனைவி ஏலக்காய்க் காட்டில் பழம் எடுக்க, அதாவது காய் பறிக்க, போகிறவர். நல்ல மனுஷன். மலையாளமும் தமிழும் கலந்து பேசி எங்களைச் சிரிக்க வைப்பார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் போடிமெட்டு டவரில் புதிதாக ஓர் ஆன்டெனா ஏற்றினோம். எஸ்டேட் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நேராக நெட் போவதற்காக. அந்தச் சமயம் பார்த்து ரேஷன் அக்கா ஊரில் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மதுரைக்குப் போயிருந்தார். முதலாளி வெளியிலிருந்து ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்து பெட்டியில் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டார். நெட் ஓடியது. லயத்துச் சனங்களுக்குக் கொண்டாட்டம்.

திரையில்தான் கோளாறு. மேலே ஏறுகிற கோடு உயர்ந்துகொண்டே போனது. வீடுகளுக்குப் பிரிகிற கோடு அதோடு சேராமல் கீழே தங்கிவிட்டது. நாளாக ஆக இடைவெளி கூடி, பாதிக்குப் பாதி காணவில்லை என்கிற அளவுக்கு வந்தது. அந்த நேரம் மெட்டைச் சுற்றி டூரிஸ்ட் லாட்ஜுகள் முளைத்துக்கொண்டிருந்தன. காவல்காரன் கள்ளத்தனமாக லாட்ஜுகளுக்கு வயர் இழுத்துக் காசு பார்க்கிறான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். இன்ஜினியரும் இணைப்பில் பழுது எதுவும் இல்லை, யாரோ திருடத்தான் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னையும் ஏற்றிக்கொண்டு முதலாளி ஜீப்பில் மெட்டுக்குப் போனார். செக்போஸ்டுக்குப் பக்கத்து டீக்கடையில் சுருளி உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்களும் ஜீப்புக்காரர்களும் நிறைந்திருந்த நேரம். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். முதலாளிக்கு அதற்குப் பொறுமை இல்லை.

"பாதி நெட்டு எங்கடா போகுது?"

சுருளிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டார். "மொதலாளி, நான் ஒரு வயர்கூட இழுக்கல. சத்தியமா."

"அப்ப கம்ப்யூட்டரு பொய் சொல்லுதா?"

அதற்கு அவர் என்ன சொல்வார்? அவர் அந்தத் திரையைப் பார்த்ததுகூடக் கிடையாது. மடியிலிருந்து டவர் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். யாரும் டீயைக் குடிக்கவில்லை. சுருளி அப்படிப்பட்டவர் இல்லை என்று ஜீப்பில் வரும்போது நான் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். திரையைப் பார்த்துவிட்டுப் பேசு என்றார்.

ஏலக்காய் மலையில் ஒருவனுக்குத் திருடன் என்ற பெயர் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. மடியில் ஒரு கைப்பிடி கட்டிக்கொண்டு போனாலே காசு பார்க்கலாம் என்கிற சரக்கு அது. அதனால் சந்தேகப்பட்ட ஆளைக் காய் உலர்த்துகிற ஸ்டோர் பக்கம் விடமாட்டார்கள், காட்டுக்குள் விடமாட்டார்கள். ஆளை மட்டும் இல்லை, வீட்டையே. அந்த வாரமே சுருளியின் மனைவியை வேலைக்கு வர வேண்டாம் என்று எஸ்டேட் கங்காணி சொல்லிவிட்டார். லயத்து வீடும் வேலை இருக்கிற வரைக்கும்தான். மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

ரேஷன் அக்கா மதுரையிலிருந்து திரும்பி வந்த அன்று காலையிலேயே முதலாளி அவர் மேசை முன்னால் போய் நின்றார். போலீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், போடிமெட்டுக் கணக்கைப் பிரிண்ட் எடுத்துக் கொடு என்றார். நடந்ததை எல்லாம் நான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"பாதியைக் காணோம்னு யாரு சொன்னா?"

"உன் மெசினுதாம்மா" என்றார் முதலாளி.

"மெசினுக்கு யாரு சொன்னா?"

"நீ வச்சிருக்கியே, கணக்குப்பிள்ளை. அதுதான்."

"அவருக்கு எது வரைக்கும் தெரியும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் உட்கார்ந்து போடிமெட்டுப் பெட்டிக்குள் போனார். எங்கள் இருவரையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "ரூட்ல போறேன்" என்று சொல்லிவிட்டு நுழைந்து, புது ஆன்டெனாவின் கணக்கு ஏட்டைத் திறந்தார். பெரிய எண் ஒன்று வந்தது. அதை வாய்விட்டுப் படித்தார். காணாமல் போன பாதி அதுதான். முழுசாக, லயத்து வீடுகளுக்குப் போயிருந்தது. "வந்துட்டேன்" என்றார்.

"இப்பக் கணக்குப்பிள்ளையாப் போறேன். அவரு கண்ணு வழியா இதையே பாப்போம்."

அதே ஏடு, அதே கேள்வி. இந்தத் தடவை எண் வரவில்லை. அனுமதி இல்லை என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது.

இத்தனை நாளும் பாழாய்ப்போன அந்தத் திரையை முறைத்துக்கொண்டே இருந்தோம். ஒருவருக்கும் கணக்குப்பிள்ளையின் இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை. வெளியிலிருந்து வந்த இன்ஜினியர் எல்லாவற்றையும் ரூட்டில் செய்திருக்கிறார். அதனால் புது ஏடு ரூட்டுக்கு மட்டும் திறக்கிற மாதிரி உண்டாகியிருக்கிறது. கணக்குப்பிள்ளை தினமும் போய்க் கதவைத் தட்டி, உள்ளே விடாமல் திரும்பி வந்திருக்கிறது.

"ஆக, அந்த இன்ஜினியரு பண்ணுன வேலை" என்று முதலாளி மூச்சுவிட்டார்.

"இல்ல மொதலாளி. அவரு ஏட்டைப் பூட்டுனாரு, அது சின்னத் தப்பு. பெரிய தப்பு இந்தா இருக்கு." தான் எழுதிய நிரலைத் திரையில் திறந்து ஒரு வரியைக் காட்டினார். "ஏட்டைப் பாக்க முடியலைன்னா பூஜ்யம்னு போட்டுக்கோன்னு எழுதியிருக்கு. இதை எழுதுனது நானு. எனக்குப் பாக்க முடியலைன்னு கணக்குப்பிள்ளை ஒழுங்காத்தான் வந்து சொல்லியிருக்காரு. நான் அதை, அங்க ஒண்ணுமே இல்லைன்னு மாத்தி உங்களுக்குக் காட்டியிருக்கேன்."

அந்த வரியைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? இன்ஜினியர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் கடைசி வரைக்கும் எவனுக்கும் தெரிந்திருக்காது. என்னைக் கேட்டால் நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

"சரி சரி, அந்தக் கணக்குப்பிள்ளைக்கும் ரூட்டைக் குடுத்துரு. இனிமே இந்தத் தொந்தரவே வராது" என்றார் முதலாளி.

"ஒரு கதவு தொறக்கலைன்னா அந்தக் கதவைத் தொறந்து விடுவோம். வீட்டையே எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

அந்த ஏட்டை மட்டும், வாசிக்க மட்டும், திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சுவர்த் திரையில் தாழ்ந்து கிடந்த கோடு எழும்பிப் போய் மற்றதோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த வரியைத் திருத்தினார். இனிமேல் பார்க்க முடியாத இடத்தில் பூஜ்யம் வராது. கோடு சாம்பல் நிறமாகி, தெரியவில்லை என்று எழுத்து வரும். வாடிக்கையாளர் வந்து போகிற இடத்தில் தெரியவில்லை என்று போட்டால் நம் மானம் என்னாவது என்று முதலாளி முனகினார். "தெரியலைங்கறதுல என்ன கேவலம் மொதலாளி? ஒரு குடும்பம் தெருவுக்கு வர்றதைவிடவா?" என்றார்.

சுருளிக்குப் போன் போட்டு வேலைக்கு வரச் சொல்லிவிடலாம் என்று முதலாளி போனை எடுத்தார். ரேஷன் அக்கா வேண்டாம் என்றார். "எங்க வச்சுக் களவாணின்னு சொன்னீங்களோ, அங்க வச்சு இல்லைன்னு சொல்லணும். எல்லாரும் இருக்கற நேரமாப் பாத்துப் போவோம். வெரசாக் கெளம்புங்க."

ஜீப்பில் போனோம். கொண்டையூசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி வழியில் இறங்கி வாந்தி எடுத்தார். மேலே ஏற ஏற ஏலக்காய் வாசனை வேறு. முகம் வெளுத்து, ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, லேப்டாப்பை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிவிடலாமா தங்கச்சி என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

தோட்டத்து ஆட்கள் கீழே இறங்க ஜீப்புக்குக் காத்திருக்கிற சாயங்கால நேரம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. டீக்கடை நிறையக் கூட்டம். கங்காணியும் இருந்தார். சுருளியை நான் போய்க் கூட்டிவந்தேன். அந்த நாலு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

ரேஷன் அக்கா போய்ச் சுருளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத குரல், நடுங்கியது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இவரு எதையும் எடுக்கலை. ஒரு வயருகூட இழுக்கலை. நான் எழுதுன கணக்குல தப்பு. என் தப்புக்கு இவரைக் களவாணின்னு சொல்லியிருக்கோம். இவரு வீட்டம்மா சோலியும் இதனாலதான் போயிருக்கு. நீங்க எல்லாரும் கேட்டதுனால உங்க எல்லாருக்கும் முன்னாடியே சொல்றேன். மன்னிச்சுக்கோங்கண்ணே."

"மெசினு தப்புன்னு சொல்லுங்கம்மா, போதும்" என்றார் டீக்கடைக்காரர், பாவம், அவரைக் காப்பாற்றுகிற எண்ணத்தில்.

"மெசினு மேல தப்பு இல்ல. எனக்குப் பாக்க முடியலைன்னு அது சொல்லுச்சு. நான்தான் கேக்கலை."

கங்காணி, நாளைக்கே வீட்டுக்காரியை வேலைக்கு வரச்சொல் என்று சுருளியிடம் சொன்னார். முதலாளி சாவியை எடுத்து நீட்டினார். சுருளியின் கண்ணை அவரால் பார்க்க முடியவில்லை.

சுருளி சாவியை வாங்கவில்லை.

"வேணாம் மொதலாளி" என்றார். பிறகு ரேஷன் அக்கா பக்கம் திரும்பினார். "நீ இம்புட்டுத் தூரம் வந்து சொன்னது பெரிய காரியம் தாயி. ஆனா இன்னொரு நா அந்த மெசினு என்னையப் பத்தி இன்னொண்ணு சொல்லும். அன்னைக்கும் என்ன சொல்லுதுன்னு தெரியாமத்தான நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்? என் டவரு கணக்கை நானும் பாக்கணும். அப்படின்னா வர்றேன்."

"அதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம் சுருளி, உனக்கு எதுக்கு?" என்றார் முதலாளி.

நான் ரேஷன் அக்காவைப் பார்த்தேன். எனக்கே இரண்டு பொத்தான் மட்டும் அளந்து கொடுத்தவர். ஒருமுறை முதலாளியின் மைத்துனரே வந்து ரூட் கேட்டும் கொடுக்காதவர். இல்லையென்றுதான் சொல்லப்போகிறார், இந்த மனுஷன் சாவி வாங்காமலே போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"அந்தக் கணக்கு இவரு பேர்லதான நிக்குது மொதலாளி" என்றார். "தன் பேர்ல நிக்கற கணக்கைப் பாக்கறது இவரு சோலிதான். அது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தார். அங்கேயே, எல்லார் முன்னாலும், சுருளியாண்டிக்கு ஒரு கணக்கு உண்டாக்கினார். போடிமெட்டு டவர் மட்டும். பார்க்க மட்டும். முதலாளி என்ன பார்க்கிறாரோ அதே இரண்டு கோடு. சுருளியின் போனைத் தன் கையில் வாங்காமல், அதில் எங்கே தட்ட வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் போன் பாஸ்வேர்டு கேட்டது.

"நீயே ஒண்ணைப் போட்டுக் குடு தாயி. எனக்கு இது வராது."

"அதை மட்டும் நான் போடக்கூடாதுண்ணே. எனக்குத் தெரியவும் கூடாது. உங்களுக்கு மறக்காத ஒண்ணாப் போடுங்க, அவசரமே இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து, சுருளிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளைத் தொட்டு என்னையும் திருப்பிவிட்டார். அதைப் பார்த்துக் கங்காணி திரும்பினார். டீக்கடைக்காரர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளியும் வேறு வழியில்லாமல் திரும்பினார். கடையில் இருந்த அத்தனை பேரும் மழைக்கு ஒதுங்கினவர்கள் மாதிரி பனியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் சுருளி ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மலையில் இருக்கிற எந்தப் பெட்டியையும் அந்த நிமிஷமே திறக்கக்கூடியவர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குளிரில் அவருக்குப் பல் அடித்தது.

சத்தம் நின்றது.

"திரும்பலாமாண்ணே?" என்று கேட்டார்.

"இரு தாயி. இன்னொரு தடவை போடச் சொல்லுது."

"சரிண்ணே" என்று அப்படியே நின்றார். நாங்களும் நின்றோம்.

ரொம்ப நேரம் ஆனது. ஒரு ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் ஏறவில்லை.

"இப்பத் திரும்பு" என்றார் சுருளி. திரும்பினோம். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவிக்காக முதலாளியிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.